அப்பாவுக்கு மூத்திரப்பை கேன்சர், பையை எடுத்துத்தான் ஆகணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

கொடிக்கால் மகள்
ஜனவரி 9, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சோழவந்தான் பக்கம். அப்பாவுக்கு 64 வயசு, வெத்தலைக் கொடிக்கால் தான் தொழில், முப்பது வருஷத்துக்கு மேல பீடி. போன ஆடியில மூத்திரம் கட்டங்காப்பி மாதிரி போகுதுன்னு அம்மாட்ட சொல்லியிருக்காரு, வலி எதுவும் இல்ல, சூடு புடிச்சிருக்குன்னு அம்மா இளநீ, நன்னாரி, வெந்தயம்னு குடுக்க ரெண்டு நாள்ல தெளிஞ்சிருச்சு. புரட்டாசியில மறுபடியும், இந்தத் தடவை கட்டி கட்டியா ரத்தம். இங்க ஒரு கிளினிக்ல கல்லா இருக்கும், கிருமியா இருக்கும்னு மாத்தி மாத்தி மாத்திரை குடுத்தே ரெண்டு மாசம் ஓடிருச்சு, ஒரு ஸ்கேன் எழுதிக் குடுக்கல. கார்த்திகையில மூத்திரம் அடைச்சு நடுச்சாமத்துல ஆட்டோ புடிச்சு மதுரைக்குத் தூக்கிட்டுப் போனப்ப தான் பைக்குள்ள கட்டி இருக்குன்னே தெரிஞ்சது.

டிசம்பர் கடைசியில குழாய் விட்டு சுரண்டி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல ஹை கிரேட் (வீரியம் ஜாஸ்தியான ரகம்), தசைக்குள்ள இறங்கிருச்சு, டி2ன்னு போட்டிருக்கு. யூராலஜி டாக்டர் நாலு சுத்து கீமோ குடுத்துட்டு பையை முழுசா எடுத்துரணும், வயித்துல ஓட்டை போட்டு வெளிய பை ஒட்டணும்னு சொல்றாரு. சொந்தக்காரர் ஒருத்தர் வேற ஆஸ்பத்திரியில ரேடியேஷன் டாக்டர்ட்ட காட்டச் சொன்னாரு, அவரு பையை எடுக்காமலும் பாக்கலாம், ஆனா முதல்ல சில டெஸ்ட் வேணும்ங்கிறாரு. அப்பா ஒரே பேச்சா நிக்கிறாரு, "வயித்துல பையத் தொங்க விட்டுக்கிட்டு நான் எப்படிக் கொடிக்காலுக்குள்ள ஏணி போட்டு ஏறுவேன், என்னைய இப்பிடியே விட்ருங்க". தம்பி திருப்பூர்ல இருக்கான், அம்மா அழுதுக்கிட்டே இருக்கு, முடிவு என் தலையில நிக்குது. பையை எடுத்தவங்க, எடுக்காம வைத்தியம் பாத்தவங்க, யாரா இருந்தாலும் சொல்லுங்க ப்ளீஸ்.


அண்ணாநகர் வாத்தியார்
ஜனவரி 10, காலை 6.15

தைரியமா இருங்கம்மா. எனக்கும் இதே நோய் தான், ஆனா உங்கப்பாவுக்கு வந்த இடமும் எனக்கு வந்த இடமும் வேற, இதை முதல்ல தெளிவாப் புரிஞ்சுக்கணும். மூத்திரப்பை கேன்சர் கண்டுபிடிக்கும்போது நாலுல மூணு பேருக்கு உள்பக்கத் தோல்லயும் அதுக்கு அடியிலயும் தான் இருக்கும், தசைக்குப் போயிருக்காது. எனக்கு டி1, அதாவது தசையைத் தொடல, ஆனா ஹை கிரேட். ஆறு வாரம் கழிச்சு மறுபடியும் சுரண்டிப் பாத்து தசையில இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு பிசிஜி போட்டாங்க. ஆமா, பொறந்த பிள்ளைக்கு டிபி வராம இருக்கக் கையில குத்துவாங்கல்ல, அதே கிருமி தான், நம்ம கிண்டியில 1948லயே அதுக்குன்னு ஆய்வுக்கூடம் வச்சாங்க. அதை மூத்திரப்பைக்குள்ள விட்டா உடம்போட எதிர்ப்புசக்தி கிளம்பி அங்க இருக்கிற கேன்சரை அடிக்கும்னு 1976ல கனடாவுல மொராலஸ்னு ஒரு டாக்டர் எழுதினாரு, இன்னைக்கு வரைக்கும் அதுதான் முதல் மருந்து.

வாரம் ஒண்ணா ஆறு தடவை. சின்னக் குழாய் வழியா மருந்தை விட்டுட்டு ரெண்டு மணி நேரம் அடக்கி வச்சிருக்கணும், நான் வலப்பக்கம் இடப்பக்கம்னு பெரண்டு பெரண்டு படுத்துக்கிட்டு கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். அன்னைக்கு ராத்திரி குளிர் நடுங்கும், எரிச்சல், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஓடணும். ஆறு மணி நேரத்துக்கு உக்காந்து தான் போகணும், பிளீச்சிங் ஊத்தி கால் மணி நேரம் விட்டுத்தான் தண்ணி ஊத்தணும், வீட்ல சின்னப்பிள்ளைக இருந்தா ரொம்பக் கவனம். அதுக்கப்புறம் மூணு மாசம், ஆறு மாசம்னு தொடர் டோஸ் மூணு வருஷம் வரைக்கும். நான் ரெண்டரை வருஷம் முடிச்சிட்டேன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இனிமே உங்களுக்கு நாலு பேர் "எங்க மாமா பிசிஜி போட்டே சரியாயிட்டாரு, நீங்க ஏன் ஆபரேஷன்"னு போன் போடுவாங்க. தசைக்குள்ள போனதுக்கு பிசிஜி கேக்காது. அந்தப் பேச்சுல விழுந்துறாதீங்க.


ஆரப்பாளையம் பாண்டி
ஜனவரி 10, மதியம் 1.30

தங்கச்சி அவசரப்பட்டு கத்திக்கு ஒத்துக்காதீங்க. எங்க மாமனாருக்கு 77 வயசு, ஹார்ட்ல ரெண்டு ஸ்டென்ட், இதே டி2. யூராலஜில பையை எடுக்கணும், வேற வழியே இல்லன்னு தான் சொன்னாய்ங்க. மயக்க மருந்துக்கே ஹார்ட் தாங்காதுன்னு வேற சொல்லிட்டாய்ங்க. அப்புறம் தேடிப் போயி ரேடியேஷன் டாக்டரைப் பாத்தா கட்டியை உள்ள எம்புட்டு முடியுமோ அம்புட்டும் சுரண்டி எடுத்துட்டு, கீமோவோட சேத்து ரேடியேஷன் குடுத்தாரு, நாலு வாரத்துல 20 தடவை, திங்கள்ல இருந்து வெள்ளி. நாலு வருஷம் ஆச்சு, இன்னைக்கும் சொந்தப் பையில தான் மூத்திரம் போறாரு. செல்லூர் கடையில போயி டீ குடிச்சிட்டு வாறாரு.

2023ல பெரிய ஆராய்ச்சியே வந்திருக்கு, லான்செட் ஆன்காலஜில, 722 பேரை வச்சு. அஞ்சு வருஷத்துல நோய் வேற இடத்துக்குப் பரவாம இருந்தவங்க பையை எடுத்ததுல 74 சதவீதம், பையைக் காப்பாத்துனதுல 75 சதவீதம். ஒண்ணுக்கொண்ணு சமம். இதை ஏன் முதல் டாக்டரே வாயைத் திறந்து சொல்லலைங்கிறது தான் என் கோவம். வெட்டுற டாக்டர்ட்ட போனா வெட்டுறதைத் தான் சொல்லுவாய்ங்க.


வார்டு சிஸ்டர்
ஜனவரி 10, இரவு 9.05

நான் மதுரையில யூராலஜி வார்டுல பதினாலு வருஷமா நர்ஸா இருக்கேன், ஸ்டோமா, அதாவது மூத்திரம் வெளிய வர வயித்துல வைக்கிற வாய், அதைப் பாத்துக்கிறதும் நான் தான். பாண்டி அண்ணே, உங்க கோவம் நியாயம், ரெண்டு வழியையும் சொல்லணும், நோயாளி ரெண்டு டாக்டரையும் பாக்கணும். ஆனா அந்த 722 பேர் யாருங்கிறதையும் சேத்து சொல்லணும்ல? எல்லாரும் எடுத்த எடுப்புல பொறுக்கி எடுத்த ஆளுக. கட்டி ஒண்ணே ஒண்ணா இருக்கணும், 7 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கக் கூடாது, மிஞ்சிப்போனா ஒரு பக்கம், பையோட உள்தோல்ல சிஐஎஸ்னு சொல்ற தட்டையான கேன்சர் அங்கங்க பரவி இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவங்களுக்குத் தான் சமம்னு வந்துச்சு. அதுவும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரிச்சுப் பாத்த ஆராய்ச்சி இல்ல, ஏற்கனவே வைத்தியம் பாத்தவங்க கணக்கைச் சரிக்கட்டிப் பாத்தது. பையைக் காப்பாத்துனவங்கள்லயும் நூத்துக்கு 13 பேருக்கு பின்னாடி எடுக்க வேண்டி வந்துச்சு. ரேடியேஷன் பட்ட இடத்துல ஆபரேஷன் பண்றது கஷ்டம், புண்ணு ஆற நாளாகும், குடல்ல புதுப்பை கட்டுறதும் அப்போ பெரும்பாலும் முடியாது.

கொடிக்கால் மகள், நீங்க இப்போ எடுக்க வேண்டியது முடிவு இல்லம்மா, ரிப்போர்ட். பயாப்சி பேப்பர்ல தசை சாம்பிள்ல இருந்துச்சான்னு பாருங்க, சிஐஎஸ்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு பாருங்க. கட்டி ஒண்ணா, நிறையவா? சிடி ஸ்கேன்ல கிட்னி வீக்கம் இருக்கா? கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்தத்துல எவ்வளவு? இந்த அஞ்சும் தெரியாம எங்களை மாதிரி ஆளுக சொல்றது எல்லாம் வெறும் கதை தான். அப்புறம் நாளை எண்ணிக்கிட்டே இருங்க. ஆபரேஷன் மட்டும்னா கண்டுபிடிச்ச நாள்ல இருந்து 12 வாரத்தைத் தாண்டவே கூடாது. கீமோ முதல்லன்னா கீமோவை இழுக்கக் கூடாது. மூணாவது ஆஸ்பத்திரி, நாலாவது ஆஸ்பத்திரின்னு அலைஞ்சே மாசத்தைத் தொலைச்சவங்களை நிறையப் பாத்துட்டேன்.

அப்பா பீடியை நிறுத்திட்டாரா? இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. இந்த நோய்க்குப் பெரிய காரணமே அதுதான், புகையில இருக்கிற விஷம் ரத்தத்துல கலந்து கிட்னி வடிகட்டி மூத்திரத்தோட பையில மணிக்கணக்குல தேங்கி நிக்குது.


உசிலம்பட்டி அக்கா
ஜனவரி 11, காலை 11.20

சிஸ்டர் சொன்ன கடைசி விசயத்துக்கு நான் சாட்சி. என் வீட்டுக்காரருக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே தான் சொன்னாங்க, அவரும் உங்கப்பா மாதிரியே பையெல்லாம் வேணாம்னு சொன்னாரு. கத்தி வைக்காம கரைச்சுக் குடுத்துர்றேன்னு ஒரு ஆளு லேகியமும் பொடியும் குடுத்தான். ரத்தம் நின்னுச்சு. அந்த ரத்தம் தானா நிக்கும், தானா வரும்னு எங்களுக்கு அப்போ தெரியாது, மருந்து கேக்குதுன்னு நினைச்சோம். ஒம்போது மாசம். மறுபடி ஸ்கேன் எடுத்தப்ப நிணநீர்க்கட்டிக்கும் எலும்புக்கும் போயிருச்சு, பையை எடுக்குறதுக்கோ காப்பாத்துறதுக்கோ பேச்சே இல்லாமப் போச்சு. அந்தப் பொடி டப்பா இன்னும் அலமாரியில இருக்கு, தூக்கிப் போட மனசு வரல.

நீ எந்த வழிக்குப் போனாலும் போ தாயி, ஆனா ஏதாவது ஒரு வழிக்கு சீக்கிரம் போ.


திருமங்கலம் டிரைவர்
ஜனவரி 11, மாலை 5.40

அம்மாடி, நான் பையோட இருக்கிறவன். 2018ல எடுத்தாங்க, அப்போ எனக்கு 60, பஸ் ஓட்டி ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம். உங்கப்பாட்ட இதை வாசிச்சுக் காட்டுங்க.

பொய் சொல்ல மாட்டேன், ஆபரேஷன் லேசுப்பட்டது இல்ல. ஆம்பளைக்கு மூத்திரப்பையோட புராஸ்டேட்டும் விந்துப்பையும் சேத்து எடுப்பாங்க, நிணநீர்க்கட்டியும் எடுப்பாங்க. சிறுகுடல்ல ஒரு சாண் துண்டை வெட்டி, ரெண்டு கிட்னியில இருந்து வர்ற குழாயை அதுல தைச்சு, இன்னொரு முனையை தொப்புளுக்கு வலப்பக்கம் கீழ வெளிய கொண்டாந்து விட்ருவாங்க. எனக்கு ஏழு மணி நேரம் ஆச்சு. குடல் ஆறு நாள் வேலை செய்யல, மூக்குல குழாய், வயிறு தவுல் மாதிரி. பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மூணு மாசம் மனுசனா இல்ல. பையைத் தொடவே மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன், வீட்டுக்காரி தான் பாத்துச்சு. ஒருநாள் அது கோயிலுக்குப் போயிருந்தப்ப பை ஒழுகி வேட்டியெல்லாம் நனைஞ்சு அழுதுக்கிட்டே நானே மாத்துனேன். அன்னைக்கோட பயம் போச்சு.

இப்போ எப்படின்னா, மூணு நாளைக்கு ஒருக்கா விடியக்காலை அஞ்சு மணிக்கு, காப்பித்தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடி மாத்துவேன், அப்பத்தான் மூத்திரம் கம்மியா வரும். பையை வயித்தோட ஒட்டுற தட்டை எடுத்துக் கம்முக்கூட்டுல வச்சுக்கிருவேன், சூட்டுல பசை இளகும். பழையதை மேல இருந்து பையப் பைய உரிச்சு, வெதுவெதுன்னு தண்ணியில துடைச்சு, துணியைச் சுருட்டி அந்த வாய் மேல வச்சுக்கிட்டாச் சொட்டாது. அந்த வாய் செவசெவன்னு மாதுளம்பழ உள்பக்கம் மாதிரி இருக்கும், தொட்டா வலிக்கவே வலிக்காது. அளவு பாத்து ஓட்டை வெட்டி ஒட்டி ஒரு நிமிசம் உள்ளங்கையால அமுக்கிப் புடிச்சா முடிஞ்சு போச்சு. பகல்ல பை பாதி நிறையிறதுக்குள்ள திருகைத் திறந்து விட்ருவேன், ராத்திரிக்குப் பெரிய பையை நீளக் குழாயில சொருகி கட்டில் கால்ல கட்டிட்டுத் தூங்கிருவேன். மூத்திரத்துல சளி மாதிரி வரும், அது குடலோட சுபாவம், பயப்படாதீங்க. நிறையத் தண்ணி குடிக்கணும். போன வருஷம் பேரன் காதுகுத்துக்கு அழகர்கோயில் போயி படியெல்லாம் ஏறி வந்தேன், யாருக்கும் தெரியல.

ஏணி ஏறுறது கஷ்டமில்ல. ஆனா கனமான பாரம் தூக்கக் கூடாது, தூக்குனா அந்த வாய் பக்கத்துல குடல் பிதுங்கும், எனக்கு லேசா இருக்கு, பெல்ட் போட்ருக்கேன். வேணும்னா அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, சட்டையைத் தூக்கிக் காட்டுறேன். நேர்ல பாத்தா தான் தெளியும்.


தேனி உரக்கடை
ஜனவரி 12, இரவு 8.30

வெளிப்பை இல்லாமலும் ஒரு ஆபரேஷன் இருக்கு, நியோபிளாடர். ஐம்பது அறுபது சென்டிமீட்டர் குடலை எடுத்து பை மாதிரி தைச்சு பழைய இடத்துலயே வச்சு மூத்திரக்குழாயோட சேத்துருவாங்க. எனக்கு 2021ல பண்ணினது, அப்போ வயசு 51. பகல்ல நல்லா இருக்கேன், கடையில உக்காந்திருக்கிறவனைப் பாத்தா யாருக்கும் தெரியாது. ஆனா அந்தப் பைக்கு நிறைஞ்சிருச்சுன்னு சொல்லத் தெரியாது. கடிகாரம் பாத்துத்தான் போகணும், உக்காந்து வயித்தை அமுக்கி முக்கிப் போகணும். ராத்திரி மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா அலாரம், தூங்கிட்டா படுக்கை நனைஞ்சிரும், நாலு வருஷம் ஆகியும் ராத்திரி பேட் போட்டுத்தான் படுக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு தானா முழுசா காலியாக மாட்டேங்குது, அவரே ஒரு நாளைக்கு நாலு தடவை குழாய் விட்டு எடுக்கிறாரு. கிட்னி நல்லா இருக்கணும், மூத்திரக்குழாய்கிட்ட கேன்சர் இருக்கக் கூடாது, இல்லன்னா பண்ண மாட்டாங்க. பி12 ஊசியும் ரத்தத்துல அமிலம் ஏறுதான்னு டெஸ்டும் தொடர்ந்து பாக்கணும்.

இன்னொண்ணு யாரும் கேக்க மாட்டாங்க, நானே சொல்றேன். ஆம்பளைகளுக்கு தாம்பத்தியம் பெரும்பாலும் பழையபடி இருக்காது. நரம்பைக் காப்பாத்திப் பண்ண முடியுமான்னு முன்னாடியே டாக்டர்ட்ட கேளுங்க. உங்கப்பாட்ட மகள் கேக்க முடியாது, தம்பியை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. கேக்காம விட்டு அப்புறம் உள்ளுக்குள்ளயே குமையிறது ரொம்பக் கொடுமை.


ஆரப்பாளையம் பாண்டி
ஜனவரி 12, இரவு 10.10

சிஸ்டர், நீங்க சொன்னது சரிதான், அந்த ஆராய்ச்சிக்கு ஆளைப் பொறுக்கித்தான் எடுத்திருக்காய்ங்க. நான் தலைப்பை மட்டும் பாத்துட்டுப் பேசிட்டேன். மாமாவுக்கு ஒரே கட்டி, கிட்னி நல்லா இருந்துச்சு, அதுனால பொருந்துச்சு.

முழுசையும் சொல்லிர்றேன், பாதியை மறைச்சா பாவம். ரேடியேஷன் நடக்கும்போது கடைசி வாரம் வயித்தால போயி படுத்த படுக்கை. இப்பவும் பை சுருங்கிப்போயி ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது, மாட்டுத்தாவணியில இறங்குனா முதல்ல டாய்லெட் எங்கன்னு தான் பாப்பாரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா குழாய் விட்டுப் பாத்தாங்க, இப்போ ஆறு மாசத்துக்கு ஒருக்கா. ரெண்டாவது வருஷம் மேலாப்புல சின்னதா ஒண்ணு மொளைச்சு சுரண்டி பிசிஜி போட்டோம். ஒவ்வொரு தடவையும் குழாய் விடுற அன்னைக்கு வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம். பையைக் காப்பாத்துறதுன்னா ஆயுசுக்கும் காவல் காக்குறது தான். ஆனா அவரு அதைச் சந்தோசமாத்தான் காக்குறாரு.


கொடிக்கால் மகள்
ஜனவரி 19, இரவு 9.45

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இன்னைக்கு திருமங்கலம் அய்யா வீட்டுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். வர மாட்டேன்னு தான் நின்னாரு, காணும் பொங்கலுக்குப் போக வேண்டிய சொந்தக்காரர் வீடுன்னு பொய் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். அய்யா வாசல்ல வந்து "வாங்க மாப்ள"ன்னு கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு பேரும் பஸ்ஸு, கொடிக்கால், வெத்தலை வெலைன்னு முக்கால் மணி நேரம் பேசுனாங்க, நோயைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. டீ வந்துச்சு. அப்புறம் அய்யா பேச்சோட பேச்சா சட்டையைத் தூக்கி, "இம்புட்டுத்தான் மாப்ள"ன்னாரு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. "நாத்தம் வராதா?"ன்னு கேட்டாரு. "நீ இம்புட்டு நேரம் பக்கத்துல உக்காந்திருக்கியே, வந்துச்சா?"ன்னு அய்யா கேட்டாரு. திரும்பி வரும்போது பஸ்ல ஒண்ணும் பேசல. வாடிப்பட்டி தாண்டும்போது, "சரி, அந்த டெஸ்ட் என்னமோ எடுக்கச் சொன்னாங்கள்ல, எடு"ன்னாரு.


வார்டு சிஸ்டர்
ஜனவரி 20, காலை 7.10

அய்யாவுக்கு கோடி நன்றி. நாங்க வார்டுல பத்து தடவை சொல்றதை நீங்க ஒரு டீயில சொல்லிட்டீங்க.


கொடிக்கால் மகள்
ஜனவரி 30, இரவு 11.20

ரிசல்ட் வந்துருச்சு. ரேடியேஷன் டாக்டர் சொன்னபடி மறுபடி உள்ள விட்டுப் பாத்து மிச்சத்தைச் சுரண்டி, பாக்கி இடத்துலயும் கிள்ளி எடுத்து அனுப்புனாங்க. கட்டி ஒண்ணு இல்ல, மூணு. கிள்ளி எடுத்த நாலு இடத்துல மூணுல சிஐஎஸ். சிடில இடது கிட்னி வீங்கியிருக்கு, கிரியேட்டினின் 1.9. நெஞ்சு, ஈரல், எலும்பு எதுலயும் இல்ல, அதுதான் ஆறுதல்.

பேப்பரை எடுத்துக்கிட்டு ரேடியேஷன் டாக்டர்ட்டயே முதல்ல போனோம். அவரு அப்பாவை உக்கார வச்சு படம் போட்டுக் காட்டி, "அய்யா, என்கிட்ட வந்தவங்கள்ல பையைக் காப்பாத்துனவங்க நிறைய இருக்காங்க, உங்களுக்கு நான் அதைச் செஞ்சா உங்களை ஏமாத்துற மாதிரி. பை பூராவும் வெதை விழுந்து கிடக்கு, ஒரு இடத்துல அணைச்சா இன்னொரு இடத்துல மொளைக்கும். நீங்க ஆபரேஷனுக்குப் போங்க"ன்னு சொன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. ஆனா ரேடியேஷன் குடுக்கிற டாக்டரே ரேடியேஷன் வேணாம்னு சொன்னது தான் அப்பாவுக்கு உறைச்சது. எடுத்துருவோம்னு சொல்லிட்டாரு.

இப்போ சந்தேகம், கிரியேட்டினின் இவ்வளவு இருந்தா கீமோ குடுக்க முடியாதுங்கிறாங்க. நேரா ஆபரேஷனுக்குப் போயிரலாமா?


வார்டு சிஸ்டர்
ஜனவரி 31, காலை 6.40

சிஸ்பிளாட்டின்னு ஒரு கீமோ மருந்து, அது கிட்னியை அடிக்கும், அதுனால தான் அப்படிச் சொல்றாங்க. ஆனா இங்க கிட்னி கெட்டுப்போனதுனால கிரியேட்டினின் ஏறுச்சா, இல்ல கட்டி குழாயை அடைச்சதுனால ஏறுச்சான்னு பாக்கணும். அடைப்புன்னா முதுகு வழியா கிட்னிக்குள்ள ஒரு சின்னக் குழாய் விட்டு மூத்திரத்தை வெளிய வடிச்சா பத்துப் பதினைஞ்சு நாள்ல இறங்கும். அப்புறம் கீமோ குடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோ குடுக்கிறது சும்மா சம்பிரதாயம் இல்லம்மா, 2003லயே அமெரிக்காவுல பாத்துட்டாங்க, நாலு மருந்து கீமோ குடுத்துட்டு பையை எடுத்தவங்கள்ல பாதிப்பேர் 77 மாசத்தைத் தாண்டி இருந்தாங்க, வெறும் ஆபரேஷன் மட்டும் பண்ணவங்கள்ல அது 46 மாசம். கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது ஒரு செல் போயிருந்தா அதை அந்த மருந்து தான் புடிக்கும்.

காப்பீட்டு அட்டை இருக்கா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வருமானச் சான்றிதழை இப்பவே வாங்கி வச்சுக்கங்க. ஆபரேஷன் தேதி குறிச்ச அப்புறம் தாலுகா ஆபீஸுக்கு ஓடாதீங்க. பெரியாஸ்பத்திரியிலயும் விசாரிச்சுப் பாருங்க.


உசிலம்பட்டி அக்கா
ஜனவரி 31, மதியம் 12.05

முதுகுல குழாய் போட்டா பயந்துறாத தாயி, என் வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. குளிக்கும்போது பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கிட்டா போதும். அம்மாவுக்கு சோறு போடுறியா? அவங்களையும் பாத்துக்க.


கொடிக்கால் மகள்
மார்ச் 23, மதியம் 3.15

ரொம்ப நாளா எழுத முடியல, மன்னிச்சுக்கங்க. முதுகுல குழாய் போட்டு பன்னெண்டு நாள்ல கிரியேட்டினின் 1.2க்கு வந்துச்சு. பிப்ரவரி மத்தியில கீமோ ஆரம்பிச்சாங்க, ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும். ரெண்டு சுத்து முடிஞ்சது. முதல் சுத்துல வாந்தி, நாக்குல எதை வச்சாலும் இரும்பு ருசின்னாரு, பழைய சோத்துத் தண்ணியும் ஊறுகாயும் மட்டும் இறங்குச்சு, வீட்ல நொதிச்சது எதுவும் குடுக்காதீங்கன்னு நர்ஸ் சொன்னதும் அதையும் நிறுத்திட்டு சுடச்சுட ரசஞ்சோறு. ரெண்டாவதுல வெள்ளணு குறைஞ்சு எட்டாம் நாள் ஊசியை ஒரு வாரம் தள்ளி வச்சாங்க. காதுல ரீங்காரம் கேக்குதுங்கிறாரு, டாக்டர்ட்ட சொல்லிட்டோம். ஆனா ரத்தம் போறது சுத்தமா நின்னுருச்சு. பீடி, பொங்கலோட விட்டது, தொடல.

இன்னொரு விசயம். டாக்டர் ஒரு கேள்வி கேட்டாரு, மூத்திரக்குழாய்ல கேன்சர் இல்லன்னா நியோபிளாடர் கட்டலாமா, இல்ல வெளிப்பையான்னு. நானும் தம்பியும் நியோபிளாடர் தான் நல்லதுன்னு நினைச்சோம், அப்பா பையைப் பாத்து அவ்வளவு பயந்தவர்ல. அவரு என்னடான்னா, "ராத்திரி மூணு தடவை அலாரம் வச்சு எந்திரிச்சு வயித்தை முக்கிக்கிட்டு, அது ஒழுங்கா போகலன்னா குழாய் விட்டுக்கிட்டு, அதெல்லாம் எனக்கு முடியாது. கிட்னியும் ஒண்ணு நொண்டி. திருமங்கலத்து மச்சான் வச்சிருக்கிறது போதும்"ங்கிறாரு. வாராவாரம் ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிறாங்க, எனக்கே தெரியாது.


தேனி உரக்கடை
மார்ச் 23, இரவு 9.00

அவரு சொல்றது சரி. எனக்கு அப்போ வயசு 51, கிட்னி ரெண்டும் நல்லா இருந்துச்சு. அவரு நிலைமையில நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.


ஆரப்பாளையம் பாண்டி
மார்ச் 24, காலை 8.20

தங்கச்சி, முதல்ல கத்திக்கு ஒத்துக்காதீங்கன்னு சொன்னவன் நான். மாமாவுக்குப் பொருந்துனது எல்லாருக்கும் பொருந்தும்னு நினைச்சுட்டேன். ரத்தம் ரெண்டு யூனிட் ரெடி பண்ணச் சொல்லுவாங்க, எங்க பயலுக நாலு பேரு இருக்கோம், தேதி மட்டும் சொல்லுங்க.


கொடிக்கால் மகள்
மே 31, இரவு 8.40

நாலு சுத்தும் முடிஞ்சது. மறு ஸ்கேன்ல பரவல் எதுவும் இல்ல, கட்டி இருந்த இடம் நல்லா சுருங்கியிருக்கு. அழகர் ஆத்துல எறங்குனதை இந்த வருஷம் டிவியில தான் பாத்தாரு, தண்ணி பீச்சுறதைக் காட்டும்போது மட்டும் எந்திரிச்சு நின்னு கும்புட்டாரு. அடுத்த வாரம் புதன்கிழமை ஆபரேஷன். சுருங்கிருச்சே, இனிமே எடுக்கணுமான்னு அம்மா கேக்குது. டாக்டர் சொன்னது, ஸ்கேன்ல தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல, இவரோட பையில வெதை நிறைய, நம்பி விட முடியாது. அப்பாவே அம்மாட்ட, "அதான் முடிவு பண்ணியாச்சுல்ல"ன்னு முடிச்சுட்டாரு.

பாண்டி அண்ணே, ரத்தத்துக்கு செவ்வாய்க்கிழமை காலையில வரச் சொல்லியிருக்காங்க.


வார்டு சிஸ்டர்
மே 31, இரவு 9.30

ஒண்ணே ஒண்ணு, மறக்காதீங்க. ஆபரேஷனுக்கு முதல் நாள் வயித்துல எங்க வாய் வைக்கணும்னு பேனாவால குறி போடச் சொல்லுங்க. படுக்க வச்சுக் குறிச்சா போதாது, உக்காரணும், நிக்கணும், குனியணும். மடிப்புலயோ வேட்டி கட்டுற இடத்துலயோ வந்துச்சுன்னா தட்டு ஒட்டாது, ஆயுசுக்கும் ஒழுகும். அவருக்கு எட்டுற இடமா, அவரு கண்ணுக்குத் தெரியிற இடமா இருக்கணும். அவரு கொடிக்காலுக்கு எப்படிக் கட்டுவாரோ அப்படியே கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க.


திருமங்கலம் டிரைவர்
மே 31, இரவு 10.00

எனக்கு அப்படி யாரும் குறிக்கல, அதான் வேட்டியை ஒரு விரக்கடை இறக்கிக் கட்டுறேன். மாப்ளைக்கு சரியாக் குறிக்கச் சொல்லும்மா. செவ்வாய்க்கிழமை நானும் வாறேன், கத்திரியும் அளவுத் தட்டும் புதுசா ஒரு செட் வாங்கி வச்சிருக்கேன்.


கொடிக்கால் மகள்
ஜூன் 1, காலை 6.05

சொல்லிட்டேன் அய்யா. ஆஸ்பத்திரிக்குன்னு எடுத்து வச்ச கைலியை பையில இருந்து வெளிய எடுத்துப் போட்டுட்டு, கொடிக்காலுக்குக் கட்டுற வேட்டியை மடிச்சு வச்சிருக்காரு. வெத்தலைக் கறை இருக்கே, வேற எடுங்கப்பான்னா, "இது தான் இடுப்புல நிக்கும், இதுலயே குறிக்கட்டும்"ங்கிறாரு.